ரெயின்கோட் சண்டேயின் நடுப்பகுதி

ரத்தினம்மாளுக்கு ஆயிரக்கணக்கான பாட்டுகள் எப்படித் தொடங்கும் என்று தெரியும். எப்படி முடியும் என்றும் தெரியும். நடுவில் என்ன நடக்கும் என்பதுதான் தெரியாது. அதை அவருடைய குறை என்று சொல்ல முடியாது. அவருடைய வேலை அப்படி.

பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில்தான் அவர் குடியிருந்தார். கணவர் சீனு ஆட்டோ ஓட்டினார். ரத்தினம்மாள் தினமும் கம்பெனி வண்டியில் பீன்யா போய் வந்தார். அங்கே கேசட் நகலெடுக்கும் கம்பெனி ஒன்றில் செக்கிங் மேசையில் வேலை. தயாராகி வரும் பெட்டிகளிலிருந்து கேசட்டுகளை எடுத்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, டெக்கில் போட்டுப் பார்க்க வேண்டும். ஏ பக்கத்தின் தொடக்கத்தைக் கொஞ்ச நேரம் கேட்க வேண்டும். இரைச்சல் இல்லை, வேகம் சரி என்றால் ஃபார்வர்ட் பட்டனை அழுத்தி நாடாவை ஓடவிட்டு, பக்கம் முடியும் இடத்தைக் கேட்க வேண்டும். பிறகு கேசட்டைத் திருப்பிப் போட்டு பி பக்கத்தின் தலையும் வாலும். அவ்வளவுதான். ஒரு கேசட்டுக்கு நான்கு துண்டுகள். நடுவைக் கேட்டுக்கொண்டிருந்தால் பெட்டிகள் குவிந்துவிடும்.

"கேக்கறதுக்கு இங்க கூலி இல்ல. செக் பண்றதுக்குத்தான் கூலி" என்பது சூப்பர்வைசர் பாலசுப்ரமணியன் தினமும் ஒருமுறையாவது சொல்லும் வாசகம். எல்லோருக்கும் அவர் பாலு சார். மனிதர் நல்லவர்தான், ஆனால் பெட்டிகள் குவிவதைப் பார்த்தால் அவருக்கு மூச்சு வாங்கும்.

பத்து வருடம் இப்படி வேலை செய்தால் மனிதர் என்ன ஆவார்? ரத்தினம்மாள் சினிமாவுக்குப் போனால் பெயர் போடுகிற வரை கண்கொட்டாமல் பார்ப்பார். பிறகு நிம்மதியாகத் தூங்கி, கடைசிச் சண்டைக்குச் சரியாக விழித்துக்கொள்வார். "படம் நல்லா இருக்கு, இரைச்சலே இல்ல" என்பார். பெண் பார்க்க வந்த சீனுவிடம் அவர் கேட்டது இரண்டே கேள்விகள். எந்த ஊர்? கடைசி வரைக்கும் ஆட்டோதானா? "என்னையும் தலையயும் வாலயும் பாத்துத்தான் பாஸ் பண்ணா. நடுவுல இருக்கறத கல்யாணத்துக்கு அப்பறம்தான் கேட்டா, அதுக்குள்ள கேரன்ட்டி முடிஞ்சுபோச்சு" என்று சீனு இன்றைக்கும் சொல்வார்.

நான் எழுதப்போகும் இந்தக் கதையை எனக்குச் சொன்னது அவருடைய பக்கத்து மேசைக்காரி ஃபாத்திமா. ரத்தினம்மாளே சொல்லியிருந்தால் தொடக்கமும் முடிவும்தான் கிடைத்திருக்கும்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, ஜூன் மழை பிடித்த வாரத்தில் அந்த கேசட் வந்தது. 'ரெயின்கோட் சண்டே' என்று பெயர். பாடியவர் நோயல். கன்டோன்மென்ட் பக்கம் ராக் பாட்டுக்காரர். ஹோட்டல் மேடை, கல்லூரி விழா, கல்யாண வரவேற்பு என்று முப்பது வருடமாக ஊரார் பாட்டுகளைப் பாடிவிட்டு, தலையெல்லாம் நரைத்த பிறகு முதன்முறையாகத் தன் சொந்தப் பாட்டுகளைப் பதிவு செய்திருந்தார். அட்டையில் மஞ்சள் ரெயின்கோட் போட்டுக்கொண்டு மழையில் நின்றார். கிட்டார் நனையக்கூடாது என்று அதைக் கோட்டுக்குள்ளே மறைத்திருந்ததால் வயிறு பெரிதாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

"யா அல்லா, இந்த ஆளுக்கு ஏழு மாசம் போல" என்றாள் ஃபாத்திமா.

"எட்டு" என்றாள் ஷில்பா. ஷில்பா கன்னடப் பெண், செக்கிங்கில் எல்லோருக்கும் இளையவள். பி.யு.சி. வரை படித்தவள் என்பதால் இங்கிலீஷ் பாட்டு வந்தால் அர்த்தம் சொல்லும் பொறுப்பு அவளுக்கு.

ஏ பக்கத்தின் தலை இப்படி இருந்தது: மூடியில்லாத மிக்ஸியை ஓடவிட்டது போல ஒரு கிட்டார். அதன் மேல் நோயல் 'ஏஏஏய் சண்டே' என்று தொண்டை கிழியக் கத்துகிறார். யாரையோ அடிக்கப் போகிற கோபம். ரத்தினம்மாள் திடுக்கிட்டு ஹெட்போனைக் கழற்றிவிட்டார். பிறகு மாட்டிக்கொண்டு, வழக்கப்படி ஓடவிட்டு, வாலுக்குப் போனார். அங்கே அதே மனிதர், அதே குரல், தூளியில் கிடக்கும் குழந்தை எழுந்துவிடுமோ என்று பயப்படுபவர் போல மெல்ல முனகிக்கொண்டிருந்தார். கிட்டார் ஒவ்வொரு சொட்டாக விழுந்தது. ரத்தினம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

கேசட் நன்றாக இருந்தது. இரைச்சல் இல்லை, வேகம் சரி. பாஸ். ஆனால் ரத்தினம்மாள் அடுத்த கேசட்டை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா?"

"அவ்ளோ கோவமா இருந்த மனுசன்டி. அதுக்குள்ள எப்பிடி இப்பிடி ஆனான்? நடுவுல இன்னா ஆச்சு?"

அன்றிலிருந்து பிடித்தது கிறுக்கு. அதற்கு முன்பு அந்தக் கேள்வி அவர்களுக்கு வந்ததே இல்லை, ஏனென்றால் மற்றப் பாட்டுகளின் நடுப்பகுதியை ஊரே கொண்டுவந்து கொடுத்துவிடும். பக்திப் பாட்டென்றால் கோயில் ஒலிபெருக்கி. சினிமாப் பாட்டென்றால் டீக்கடை. எதுவுமில்லையென்றால் சீனுவின் ஆட்டோ. ரெயின்கோட் சண்டேயை மட்டும் பெங்களூரில் யாருமே போடவில்லை. அதன் நடுப்பகுதி எங்கேயும் இல்லை.

மதியச் சாப்பாட்டின்போது ஆளுக்கொரு கதை கட்டினார்கள்.

"பொண்டாட்டி கூட சண்டை. அவ கோச்சுகினு அம்மா வூட்டுக்குப் போயிட்டா. வேற இன்னா?" இது ஃபாத்திமா.

"இல்லப்பா. நாய் செத்துப்போச்சு. பி பக்கம் கடைசில நாய் குலைக்குதே, கேக்கலியா?" இது ஷில்பா.

"செத்த நாய் எப்பிடிடி குலைக்கும்?"

"அதுக்குத்தான் நடுவுல கேக்கணும்!"

அர்த்தம் சொல்லும் பொறுப்பில் இருந்தவளுக்குக் கிடைத்ததும் நான்கு துண்டுகள்தான் என்பதால் இதற்கு மேல் அவளை நெருக்க முடியவில்லை. ஃபாத்திமா தன் பிரியாணியைப் பந்தயம் வைத்தாள். ஷில்பா சித்ரான்னத்தை வைத்தாள். சமம் இல்லாத பந்தயம் என்று அதற்கே ஒரு வாரம் சண்டை நடந்தது.

இதற்கிடையில் பாட்டு அவர்கள் வாயில் ஏறிக்கொண்டது. டிபன் பாக்ஸ் மூடியில் தாளம் போட்டு, 'ஏஏஏய் சண்டே' என்று மூவரும் கத்துவார்கள். கத்திய மூச்சு அடங்குவதற்குள் அப்படியே ம்ம்ம் என்று முனகலுக்குத் தாவுவார்கள். தலையும் வாலும் ஒட்டிய இடத்தில் 'டக்' என்று நாக்கால் ஒரு சத்தம். அது ஃபார்வர்ட் பட்டன். கேன்டீன் சமையல்காரர் இதுதான் இங்கிலீஷ் பாட்டு போல என்று நம்பி, கூடச் சேர்ந்து டக் போடக் கற்றுக்கொண்டார்.

கடையில் வாங்கிவிடலாம் என்று ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரத்தினம்மாள் மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸுக்குப் போனார். கோவிந்தப்பாவின் கேசட் கடையில் கிடைக்காதது எங்கேயும் கிடைக்காது.

"ரெயின்கோட் சண்டே இருக்கா?"

"என்ன படம்மா அது?"

"படம் இல்ல, இங்கிலீஷ் பாட்டு. மஞ்ச கோட்டு போட்ட தாத்தா."

"ஓ, அவரா! போன வாரம்தானே மொத்தமும் ரிட்டர்ன் அனுப்பிட்டேன். ரெண்டு மாசத்துல ஒருத்தர்தான் வந்து கேட்டாரு."

"யாரு?"

"மஞ்ச கோட்டு போட்ட தாத்தா. 'போகுதா'ன்னு கேட்டாரு. போகலன்னேன். 'சரி, மழை விடட்டும்'னு சொல்லிட்டுப் போனாரு பாவம்."

செப்டம்பர் கடைசியில் அந்த ரிட்டர்ன் பெட்டிகள் பீன்யாவுக்கே வந்து சேர்ந்தன. விற்காத கேசட்டுகளை அந்தக் கம்பெனி வீணாக்குவதில்லை. லேபிளை உரித்துவிட்டு, பெரிய காந்தத்தில் காட்டினால் நாடாவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். பிறகு அதிலேயே வேறு பாட்டை ஏற்றலாம். செக்கிங் மேசைக்கு எதிரே சுவரோரம் நோயலின் பெட்டிகளை அடுக்கினார்கள். ஒவ்வொன்றின் மேலும் பாலு சார் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டார்.

"ஆயுதபூஜை லீவு முடிஞ்சு மிஷின் ஸ்டார்ட் பண்ணதும் முதல் வேலை இதை அழிக்கறதுதான். ஐயப்பன் சீசன் வருது, எனக்கு கேசட் வேணும்."

ரத்தினம்மாள் பெட்டிகளை எண்ணிப் பார்த்தார். மாஸ்டர் நாடாவைத் தவிர அந்தப் பாட்டு இருப்பது இந்தப் பெட்டிகளில்தான். இவை அழிந்தால் அந்த மனிதருக்கு நடுவில் என்ன ஆயிற்று என்பது செத்தாலும் தெரியப்போவதில்லை.

"சார், ஒண்ணே ஒண்ண வூட்டுக்கு எடுத்துனு போயி..."

"கேட்ல செக்கிங் எதுக்கு வெச்சிருக்கு? பத்து வருஷ சர்வீஸ் ரத்தினம்மா உங்களுக்கு. ஒரு சண்டேக்காகத் திருட்டுப் பட்டம் வாங்கணுமா?"

"அப்ப இங்கயே கேட்டுக்கறோம் சார்."

"எப்போ? பூஜைக்கு முன்னாடி ஆறு லோடு அனுப்பணும். பெட்டி குவியுது பாருங்க!" அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது.

அப்போதுதான் ரத்தினம்மாளுக்கு அந்த யோசனை வந்தது. ஆயுதபூஜையன்று எல்லோரும் கம்பெனிக்கு வருவார்கள், குடும்பத்தோடு. ஆனால் வேலை கிடையாது. பெட்டி குவியாது. டெக் சும்மா இருக்கும். உட்கார்ந்து, முழுசாக, ஏ பக்கமும் பி பக்கமும் கேட்டுவிடலாம். ஃபாத்திமாவும் ஷில்பாவும் கைதட்டினார்கள். மூவருக்கும் அன்று முழுக்க இருப்புக் கொள்ளவில்லை.

பூஜைக்கு முந்தின நாள் மாலை வழக்கம்போல மிஷின்களைச் சுத்தம் செய்தார்கள். மேசைக்கு மூத்தவர் என்பதால் பொட்டு வைப்பது ரத்தினம்மாள்தான். சந்தோஷத்தில் அந்த வருடம் தாராளமாகவே வைத்தார். ஒவ்வொரு டெக்குக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம், பட்டன் வரிசை முழுக்கச் செவ்வந்திப் பூ. ஹெட்போனுக்குக்கூட ஒரு முழம் மல்லிகை சுற்றினார். கடைசி டெக்குக்கும் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து அழகு பார்த்தார். பார்த்தபடியே நின்றார்.

"இன்னாக்கா?" என்றாள் ஃபாத்திமா.

"பொட்டு வெச்சிட்டேன்டி."

"ஆமா, ஜோரா கீது."

"பொட்டு வெச்ச மிஷினத் தொடக்கூடாதுடி! பூஜை முடிஞ்சு மறுபடி எடுக்கிற வரைக்கும் தொடக்கூடாது!"

ஃபாத்திமா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்தது. ஒன்றாவது விட்டுவைத்திருக்கக்கூடாதா என்று ஷில்பா ஒவ்வொரு டெக்காகப் போய்ப் பார்த்தாள். ரத்தினம்மாள் ஒன்றையும் விடவில்லை. ரிப்பேருக்குக் கிடந்த டெக்குக்கும் பொட்டு வைத்திருந்தார்.

மறுநாள் காலை லேசான தூறல். கம்பெனி வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். குடும்பங்கள் வரத் தொடங்கின. ஐயர் இன்னும் பக்கத்துத் தொழிற்சாலையில்தான் இருந்தார், அன்றைக்கு பீன்யாவில் ஐயர் கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை. அவரைப் பிடித்துவர பாலு சார் பட்டுவேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சாலையில் இறங்கினார். ரத்தினம்மாள் சுவரோரப் பெட்டிகளைப் பார்த்தபடி முகம் தொங்க நின்றிருந்தார்.

அப்போது பாம் பாம் என்று ஹாரன் அடித்துக்கொண்டு சீனுவின் ஆட்டோ கேட்டுக்குள் நுழைந்தது. கம்பெனிப் பூஜையிலேயே ஆட்டோவுக்கும் பூஜை போட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு. முன்னால் இரண்டு வாழைக்கன்று, கண்ணாடியில் சாமந்தி மாலை, கூரையைச் சுற்றிக் கலர் காகிதம். பின்சீட்டுக்குப் பின்னால், அவருடைய உயிரான இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள்.

மூன்று பெண்களும் ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ஆனா ஆட்டோவுக்கும் பொட்டு வெச்சாச்சே" என்றார் ரத்தினம்மாள் பயந்துபோய்.

ஃபாத்திமா தீர்ப்புச் சொன்னாள். "அக்கா, மிஷினுக்குப் பூஜை போட்டா நிக்கணும். வண்டிக்குப் பூஜை போட்டா ஓடணும். எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி ஓட்டறீங்களா இல்லியா? வண்டியே ஓடறப்போ உள்ள டேப்பு ஓடினா இன்னா தப்பு?"

"இவளுக்கு எப்பிடிடி நம்ம சாஸ்திரம் எல்லாம் தெரியுது!"

"எட்டு வருசமா உங்க பொரியும் கடலையும் துண்றேன். தெரியாதா?"

ரத்தினம்மாள் பெட்டி ஒன்றைப் பிரித்து ஒரு கேசட்டை எடுத்துவந்தார். மூவரும் ஆட்டோவுக்குள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சீனு முன்னால். கேசட் உள்ளே போயிற்று. கிட்டார் உறுமியது. ஏஏஏய் சண்டே!

மூவரும் சேர்ந்து கத்தினார்கள். ஹெட்போனுக்கு வெளியே அந்தக் குரலைக் கேட்பது அதுதான் முதல் தடவை. ஆட்டோவே அதிர்ந்தது. கத்தல் உச்சத்துக்குப் போன நேரம், ரத்தினம்மாளின் வலதுகை தானாக நீண்டது. ஆள்காட்டி விரல் ஃபார்வர்ட் பட்டனை அழுத்தியது. டக்.

"அக்கா!!!"

"ஐயோ! நான் இல்லடி! கைதான்டி!"

திருப்பி ஓடவிட்டார்கள். மறுபடி முதலிலிருந்து. மறுபடி ஏஏஏய். மறுபடி அதே இடத்தில், அதே விரல், டக். நாடா வாலுக்கே ஓடிப்போய்விட, முனகல் கேட்டது. விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே மூவரும் சேர்ந்து முனகினார்கள். மூன்றாவது தடவை ரத்தினம்மாள் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். அந்தத் தடவை பட்டனை அழுத்தியது ஃபாத்திமா.

"ஏ மூணு கழுதைங்களா, எறங்குங்க என் வண்டிய வுட்டு!" என்றார் சீனு. அவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

இந்த அமர்க்களத்தில் கேட்டருகே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. ஓட்டி வந்தது கவுன் அணிந்த ஒரு அம்மாள். பின்னால் உட்கார்ந்து வந்தவர் மஞ்சள் ரெயின்கோட் போட்டிருந்தார். ஆட்டோவிலிருந்து மறுபடி ஏஏஏய் சண்டே, டக், ம்ம்ம் என்று வந்ததும் அவர் தூறலில் அப்படியே நின்றுவிட்டார். பிறகு மெதுவாக நடந்துவந்து ஆட்டோவுக்குள் தலையை நீட்டினார்.

ஃபாத்திமாதான் முதலில் பார்த்தாள். கோட்டுக்குள் கிட்டார் இல்லாததால் வயிறு தட்டையாக இருந்தது.

"அக்கா! பெத்துட்டாரு!"

நோயலுக்கு அது புரியவில்லை, நல்லவேளை. "யாரும்மா நீங்க? என் பாட்ட இப்பிடி நடுவுல வெட்டிட்டு, ரெண்டு பக்கமும் சேத்துத் தச்சது யாரு?"

ரத்தினம்மாள் கைகளை உருவிக்கொண்டு அவசரமாக இறங்கினார். "மன்னிச்சுக்கோங்க சார். நாங்க செக்கிங். எங்களுக்கு இவ்ளோதான் வரும்."

"நீங்க இத முன்னாடியே கேட்டிருக்கீங்களா?"

"ஜூன்லேந்து கேக்கறோம் சார். தெனமும் பாடறோம். கேன்டீன்ல கூட."

நோயல் பின்னால் திரும்பி, "பிரிஜெட்! இங்க வா! கேன்டீன்ல பாடறாங்களாம்!" என்று கத்தினார். கத்தியபோது அந்த ஏஏஏய் குரல் அப்படியே வந்தது. மூன்று பெண்களுக்கும் புல்லரித்தது.

அவர் மனைவி பிரிஜெட் வந்ததும் விஷயம் தெரிந்தது. கேசட்டுகளை அழிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, முதலாளியிடம் பேசி, ஒரு பெட்டியாவது எடுத்துக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தார்கள். இன்றைக்கு ஆபீஸ் இருக்காது என்று பிரிஜெட் சொல்லியும் நோயல் கேட்கவில்லை.

"சார்" என்றார் ரத்தினம்மாள். நான்கு மாதமாகச் சுமந்த கேள்வி வாசலுக்கு வந்துவிட்டது. "மொதல்ல அவ்ளோ கோவமா இருக்கீங்க. கடைசில அப்பிடி ஆயிடறீங்க. நடுவுல இன்னா சார் ஆச்சு?"

நோயலின் வாய் திறந்தது. கேசட் வெளிவந்து இத்தனை நாளில் அவரிடம் யாரும் கேட்ட முதல் கேள்வி அது. "அதும்மா, லிசன், என்ன ஆச்சுன்னா, நாங்க அப்போ குக் டவுன்ல..."

"ஐயோ சொல்லாதீங்க!" ரத்தினம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "கேக்கணும்! சொல்லிட்டீங்கன்னா போச்சு!"

"பிரியாணி மேல பெட்டு கீது சார்" என்று ஃபாத்திமா விளக்கினாள்.

பிரிஜெட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நோயல், மொதல்ல வாய மூடிட்டு ஏறி உக்காரு, மேன்."

இப்படியாக நோயல் சீனுவுக்குப் பக்கத்தில் பாதி உடம்போடு தொற்றிக்கொண்டார். பின்சீட்டில் மூன்று பெண்கள், பிரிஜெட் ஷில்பாவின் மடியில். பட்டன்களின் மேல் சீனு தன் காக்கிச் சட்டையைப் போட்டு மூடி, மேலே கையை வைத்துக்கொண்டார். ஏ பக்கம் முதலிலிருந்து ஓடியது. வழக்கமான இடம் வந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த இடத்தைக் கடந்து பாட்டு போயிற்று.

"அம்மாடி" என்றார் ரத்தினம்மாள். புதிதாகப் போட்ட சாலையில் வண்டி வழுக்கிக்கொண்டு போவது போல இருந்ததாம்.

முதல் பாட்டு முழுக்கக் கோபம்தான். இரண்டாவதிலும் கோபம், ஆனால் கொஞ்சம் மூச்சு வாங்கியது. "பாலு சார் மாதிரி" என்று ஷில்பா கிசுகிசுத்தாள். மூன்றாவது பாட்டில் வார்த்தையே இல்லை. தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம், அதற்கு நடுவே கிட்டார் தேடித் தேடி நடக்கிறது. திடீரென்று உஷ்ஷ்ஷ் என்றது ஒன்று.

"குக்கர்!" மூவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"என் குக்கர்தான்" என்றார் பிரிஜெட் பெருமையாக. "அடுப்பு பக்கத்துல உக்காந்து ரெகார்ட் பண்ணா வேற என்ன கேக்கும்? சாம்பார் வேணுமா, பாட்டு வேணுமான்னு கேட்டேன். ரெண்டும்னு சொன்னான்."

"இத மட்டும் நான் செக் பண்ணியிருந்தா ரிஜெக்ட்டுல போட்டிருப்பேன்" என்றார் ரத்தினம்மாள் திகைப்போடு.

நான்காவது பாட்டும் போய், ஐந்தாவதின் வால் வந்தது, அந்த முனகல். பக்கம் முடிந்து பட்டன் எகிறியது. ரத்தினம்மாள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்க மாறுச்சு? பொண்டாட்டியும் போகல. நாயும் சாகல. ஒண்ணுமே ஆகலயே! நாலாவதுலதான் மாறியிருக்கணும். ஏங்க, அத மறுபடி போடுங்க."

நான்காவதின் தொடக்கத்துக்குப் போனால் அங்கேயே அவர் மாறித்தான் இருந்தார். மூன்றாவதுக்குப் போனார்கள். அங்கேயும் மாறியிருந்தார். முதல் பாட்டின் கடைசி வரிக்கே போனால், அந்தக் கத்தலுக்கு அடியில், இப்போது தெரிந்துகொண்டு கேட்டால், ஏற்கனவே ஏதோ இளகத் தொடங்கியிருந்தது. மடிப்பே தெரியாத புடவை. ரத்தினம்மாள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"புடிக்க முடியல சார்! எங்கயும் ஒட்டே இல்ல!"

"மூணு வருஷம் ஆச்சும்மா அதுக்கு" என்றார் நோயல். தொண்டையைக் கனைத்துக்கொண்டு ரெயின்கோட்டின் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மறுபடி போட்டார். "ஒட்டு தெரியக்கூடாதுன்னுதான்."

பிரியாணிப் பந்தயம் யாருக்கும் இல்லை என்று ஆயிற்று. இருவருடையதையும் எல்லோரும் தின்பது என்று அங்கேயே முடிவானது.

பாலு சார் ஐயரோடு உள்ளே வந்தபோது ஆட்டோவில் ஆறு பேர் இருந்தார்கள், சுவரோரம் ஒரு பெட்டி பிரிந்து கிடந்தது. "என்ன இது?" என்றார். பிரிஜெட் முதலாளி கொடுத்த அனுமதியைச் சொன்னார். அது ஒரு பெட்டி, நாளைக்கு, ஆபீஸ் திறந்த பிறகு, ரசீதோடு என்றார் பாலு சார். இன்றைக்கு கேசட் கேட்டைத் தாண்டக்கூடாது.

"தாண்டல சார்" என்றார் ரத்தினம்மாள். "உள்ளயேதான் கீது."

ஐயர் ஆட்டோவுக்குக் கற்பூரம் காட்டினார். நான்கு சக்கரத்துக்கு நான்கு எலுமிச்சம்பழம் எடுத்து வைத்திருந்தவர், மூன்று சக்கரம்தான் என்று பார்த்து ஒன்றை மடியில் கட்டிக்கொண்டார். ரத்தினம்மாள் கேசட்டைத் திருப்பிப் போட்டார். பி பக்கத்தின் தலையில் நோயல் சிரிக்கும் சிரிப்போடு வண்டி பழங்களின் மேல் ஏறி நசுக்கிக்கொண்டு கிளம்பியது. ஃபாத்திமாவின் தீர்ப்புப்படி பி பக்கம் முடியும்வரை வண்டி நிற்கக்கூடாது, பாலு சார் சொன்னபடி கேட்டையும் தாண்டக்கூடாது. ஆகவே சீனு கம்பெனி வளாகத்துக்குள்ளேயே சுற்ற ஆரம்பித்தார். ஜெனரேட்டர் ஷெட், கேன்டீன், லோடிங் மேடை, கேட், மறுபடி ஜெனரேட்டர் ஷெட். வாழைக்கன்றுகள் பேயாட்டம் ஆடின. ஒவ்வொரு சுற்றிலும் வாட்ச்மேன் எழுந்து சல்யூட் வைத்தார். குழந்தைகள் பின்னாலேயே ஓடின. கேன்டீன் சமையல்காரர், டக் வரும் வரும் என்று வாயைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்து ஏமாந்தார். மூன்றாவது சுற்றில் பாலு சார், "மெதுவா, மெதுவா, பூசணிக்காய் இருக்கு!" என்று கத்தியபடி கூடவே ஓடிவந்து, வேறு வழியில்லாமல் பின்னால் கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டார்.

"மொத்தம் எவ்ளோ நேரம் இது?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

"கேக்கறதுக்குக் கூலி கேக்கமாட்டோம் சார், வுடுங்க!" என்றாள் ஃபாத்திமா.

நோயலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏ பக்கம் முழுதாக, பி பக்கம் பாதி. கேட்டவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். திரும்பித் திரும்பி ரத்தினம்மாளின் முகத்தைப் பார்த்தார். கடைசியில் கேட்டேவிட்டார்.

"எப்பிடிம்மா இருக்கு? உண்மையச் சொல்லணும்."

ரத்தினம்மாள் யோசித்தார். இதுவரை அவர் எந்தப் பாட்டைப் பற்றியும் இரைச்சல், வேகம் என்ற இரண்டுக்கு மேல் கருத்துச் சொன்னதில்லை. இப்போது அவருக்குள் ஒரு கருத்து உருவாகிவிட்டிருந்தது. அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

"நல்லா கீது சார். ஆனா மூணாவது பாட்டு நீளம்."

"என்னது?"

"அந்த மழை பாட்டு. குக்கர் விசிலுக்கு அப்பறமும் போய்க்கினே கீது. அங்க நிறுத்தியிருக்கலாம்."

"நீளமா? மை காட், அதுதாம்மா இதுலயே பெஸ்ட்! விசிலுக்கு அப்பறம்தானே பாட்டே ஆரம்பிக்குது!"

"இல்ல சார். விசில் வந்தா எறக்கிடணும்."

"நானும் இதத்தான் சொன்னேன்! கேட்டானா!" ஷில்பாவின் மடியிலிருந்து பிரிஜெட் கையை நீட்டி ரத்தினம்மாளின் தோளில் தட்டினார். "மூணு வருஷமா சொல்றேன்!"

"உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாது!" முகமெல்லாம் சிவந்து, நரைத்த முடி காற்றில் பறக்க, நோயல் வண்டியின் கம்பியைப் பிடித்தபடி முழுதாகப் பின்பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு. "விசில் வரைக்கும் என்ன நடக்குது, அத மொதல்ல சொல்லுங்க. சொல்லுங்க! அந்த கிட்டார் என்ன தேடுது?"

"எதையோ தேடுது. கெடைக்கல. அதுக்குத்தான் சொல்றேன், சீக்கிரம் நிறுத்துங்கன்னு."

"கிடைக்குது! கடைசில கிடைக்குது!"

"எனக்குக் கெடைக்கல சார்."

"டிரைவர்! திருப்புப்பா கேசட்ட! மூணாவது பாட்டு!"

"பி பக்கம் முடியட்டும் சார்" என்றார் சீனு. "அதுக்கும் இவ ஏதாச்சும் சொல்லுவா, மொத்தமா சண்ட போட்டுக்கலாம்." ஹாரனை அழுத்திக்கொண்டே வண்டியை மறுபடி ஜெனரேட்டர் ஷெட் பக்கம் ஒடித்தார்.